‘மசக்கைதானே’ என்று மருத்துவர் சொல்லிவிட்டால், அதற்குமேல் என்ன சொல்வது?

கல்லிடை மருமகள் | ஞாயிறு, இரவு 9.40

இங்கே நான் எழுதுவது இதுவே முதல்முறை. எனக்கு இது தலைப்பேறு. இன்றோடு 9 வாரம் 2 நாள் ஆகிறது. ஏறத்தாழ மூன்று வாரமாக வயிற்றில் எதுவும் நிலையாகத் தங்குவதில்லை. அடுத்த வீட்டில் சோறு வடிக்கும் வாடை வந்தாலே போதும், ஓங்கரிப்பு எடுத்துவிடுகிறது.

சென்ற வியாழக்கிழமை, வழக்கமாகப் பார்க்கும் பாளையங்கோட்டைத் தனியார் மருத்துவமனைக்குச் சென்றோம். இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே இருந்தது நான்கு நிமிடம் இருக்கலாம். மருத்துவர், “வாந்தி இருக்கிறதா?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் அத்தை, “மசக்கைதானே டாக்டர், எனக்கெல்லாம் ஏழு மாசம் வரைக்கும் இருந்தது” என்றார்கள். நானும் “கொஞ்சம் இருக்கு” என்று சொல்லிவிட்டேன். “அப்படித்தான் இருக்கும், மூணு மாசம் போனா சரியாயிரும்” என்று சொல்லி, ஃபோலிக் அமில மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பினார். திரும்பும் வழியில் சேரன்மகாதேவியைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை வாடகைக் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.

மருத்துவர் மீது எனக்குப் பெரிய கோபம் இல்லை. அவர் கேட்டார், நான் சொன்ன விடைதான் பொய். அடுத்த பரிசோதனைக்கு இன்னும் 18 நாள் இருக்கிறது. அதற்கு முன்பே போகலாமா? போனால், எதைச் சொன்னால் பேச்சு ‘மசக்கைதானே’ என்பதைத் தாண்டும்?

பாளை வாசகி | ஞாயிறு, இரவு 10.15

போகலாமா என்று கேட்கவே வேண்டாம், போங்கள். குறித்த நாளுக்கு முன்னால் வந்தால் திட்டுவார்கள் என்பது நாமாக வைத்துக்கொண்ட பயம்.

கருவுற்றவர்களில் பத்தில் ஏழெட்டுப் பேருக்குக் குமட்டலோ வாந்தியோ இருக்கும். பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்துக்குள் தொடங்கும், 9ஆம் வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும், 16 முதல் 20 வாரத்துக்குள் தணியும். அதாவது நீங்கள் இப்போது உச்சியில் நிற்கிறீர்கள். மருத்துவர் சொன்னது தவறில்லை. ஆனால் பலருக்கும் வருவது என்பதற்காக மருந்தில்லாமல் தாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

இன்னொன்று. “மனசுல பயம், அதான் வாந்தி” என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். நான் உயிரியல் ஆசிரியை, ஆகவே இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஜி.டி.எஃப்.-15 என்ற ஹார்மோனைக் கருவும் நஞ்சுக்கொடியும் பெருமளவில் சுரக்கின்றன. அது மூளையில் குமட்டலைத் தூண்டும் பகுதியில் போய் வேலை செய்கிறது. கருவுறுவதற்கு முன் உடலில் இந்த ஹார்மோன் குறைவாக இருந்த பெண்களுக்கு, திடீரென்று அது கூடும்போது பாதிப்பு அதிகமாகிறது என்று மார்லினா ஃபெய்சோ, ஸ்டீபன் ஓ’ராஹிலி ஆகியோரின் குழு 2023 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. தலசீமியா உள்ளவர்களுக்கு முன்பிருந்தே இந்த ஹார்மோன் மிகுந்திருப்பதால் அவர்களுக்கு மசக்கை குறைவாக இருப்பதையும் அந்த ஆய்வு காட்டியது. மனத்திடம் உள்ளவளுக்கு வாந்தி வராது என்ற பேச்சுக்கு இதில் இடமே இல்லை.

ஓய்வுபெற்ற கிராமச் செவிலி | திங்கள், காலை 6.05

தாயி, நான் சேரன்மகாதேவி, பத்தமடைப் பக்கத்துத் துணை சுகாதார நிலையங்களில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு இரவு தூங்காமல் இதை எழுத யோசித்தேன். சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மசக்கை என்பது ஒரு மூட்டை. குமட்டல், ஓங்கரிப்பு, வாந்தி, எச்சில் ஊறுவது, எதுக்களிப்பு, அசதி, மாங்காய்க்கு ஏங்குவது எல்லாம் அதற்குள் கிடக்கும். மூட்டையாகக் கொண்டுபோய் மருத்துவரின் மேசையில் வைத்தால், கூட்டம் நிறைந்த நாளில் எவரும் அதை அவிழ்த்துப் பார்க்கப்போவதில்லை. நாமே அவிழ்த்துக்கொண்டு போக வேண்டும். அதற்கான சொற்கள் நம் பேச்சிலேயே இருக்கின்றன. வயிற்றைப் புரட்டிக்கொண்டு வாயில் நீர் ஊறுவது குமட்டல். குடலே மேலே வருவதுபோல் இழுத்தும் ஒன்றும் வெளிவராதது ஓங்கரிப்பு. வெளியே வந்துவிட்டால் வாந்தி. வெளிநாடுகளில் இந்நோயின் கடுமையை அளக்க ‘ப்யூக்’ என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்; அதுவும் இதே மூன்றைத்தான் கேட்கிறது. ஓய்வு பெறும் தறுவாயில் ஒரு பயிற்சியில் அதைக் கேட்டபோது, ‘நம் ஆச்சிமார் சொல்லும் மூன்று சொல்லைத்தானே இவர்கள் அட்டவணையாக்கி இருக்கிறார்கள்’ என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கணக்கு எளிது. கடந்த 24 மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குமட்டல் இல்லையென்றால் 1, ஒரு மணி நேரம் வரை என்றால் 2, இரண்டு மூன்று மணி நேரம் என்றால் 3, நான்கு முதல் ஆறு மணி நேரம் என்றால் 4, அதற்கும் மேல் என்றால் 5. வாந்தி இல்லையென்றால் 1, ஒன்றிரண்டு முறை என்றால் 2, மூன்று நான்கு என்றால் 3, ஐந்து ஆறு என்றால் 4, ஏழும் அதற்கு மேலும் என்றால் 5. ஓங்கரிப்புக்கும் வாந்தியைப் போலவே எண்ணுங்கள். மூன்றையும் கூட்டி 6 வரை வந்தால் லேசானது, 7 முதல் 12 வரை நடுத்தரம், 13ம் அதற்கு மேலும் கடுமை. இந்த எண்ணை மட்டும் நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது. ஆனால் “கொஞ்சம் இருக்கு” என்பதற்குப் பதிலாக இதைச் சொன்னால் மருத்துவரின் கை, எழுதிக்கொண்டிருக்கும் சீட்டிலிருந்து எடுபடும்.

இதோடு இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்று எடை. கருவுறுவதற்கு முன் என்ன இருந்தது, இப்போது அதே எந்திரத்தில் என்ன இருக்கிறது? முன்பிருந்த எடையில் 5 சதவீதம் குறைந்துவிட்டது என்றால் அதை மசக்கை என்று விட்டுவிட மாட்டார்கள். நீர்வற்றலும் தாது உப்புக் குறைவும் எடை இழப்பும் சேர்ந்து வரும் கடும் வாந்தி நோய் நூற்றில் மூன்று பேருக்குள்தான் வரும். ஆனால் அந்த மூன்று பேரும் நம் தெருவிலும் இருக்கத்தான் செய்வார்கள். மற்றொன்று சிறுநீர். எத்தனை முறை போனீர்கள், என்ன நிறம்? எட்டு மணி நேரமாகப் போகவில்லை என்றாலோ, கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, ஒரு பகலும் ஓர் இரவும் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை என்றாலோ, 18 நாள் என்ன, 18 மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

வாந்தியோடு காய்ச்சல், வயிற்றுவலி, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், கண் மஞ்சள், வாந்தியில் இரத்தம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால், அவர் கேட்காவிட்டாலும் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். பத்தாவது வாரத்துக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் வாந்தியையும் அப்படியே. சிறுநீர்த் தொற்று, காமாலை, தைராய்டு எல்லாம் மசக்கையின் நிழலில் ஒளிந்துகொள்ளும். பேறுகாலத்தின் பிற்பாதியில் தலைவலியோடும் மேல்வயிற்று வலியோடும் வாந்தி வந்தால் அது இரத்த அழுத்தத்தின் வேலையாக இருக்கலாம். அதற்கு அன்றே, அப்போதே போக வேண்டும்.

இவை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, உட்கார்ந்தவுடன் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னால் நடுவில் ஒருவர் புகுந்துவிடலாம். தாளில் புக முடியாது. உங்கள் ஊர்ச் செவிலியரிடம் பதிவு செய்து, அரசின் பேறுகாலப் பதிவு எண்ணான ஆர்.சி.எச். எண் வாங்கியிருப்பீர்கள் அல்லவா? தனியாரிடம் பார்த்தாலும் அவர் உங்களுக்கும் செவிலியர்தான். அவரிடமும் இதே தாளைக் காட்டலாம். நடு இரவில் சந்தேகம் வந்தால் அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104ஐக் கூப்பிடலாம்.

கசப்பு நெல்லி | திங்கள், காலை 8.30

மேலே எழுதிய அம்மாவின் மீது மரியாதை வைத்தே மாறுபடுகிறேன். 24 மணி நேரமாக வாந்தியெடுத்துக்கொண்டிருக்கும் பெண் அட்டவணை போட்டு, கூட்டிக் கழித்து, எழுதிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும், கட்டணம் வாங்கும் மருத்துவர் “எத்தனை முறை?” என்று ஒரு சொல் கேட்க மாட்டார். இது என்ன நியாயம்? எழுதப் படிக்கத் தெரியாதவர் என்ன செய்வார்? நோயாளியைத் தயார்ப்படுத்துவதற்குப் பதிலாக மருத்துவரைக் கேட்கப் பழக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற கிராமச் செவிலி | திங்கள், காலை 8.52

நீங்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கேட்க வேண்டியது அவர் கடமை. கேட்காமல் விட்ட மருத்துவர்களிடம் நானே போய்ச் சண்டை போட்டிருக்கிறேன், திட்டும் வாங்கியிருக்கிறேன். ஆனால் இந்தப் பிள்ளைக்கு இந்த வாரம் வாந்தி நிற்க வேண்டும். மருத்துவர்கள் திருந்தும் வரை அது காத்திருக்காது. எழுதத் தெரியாதவர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்த வழி, ஒவ்வொரு வாந்திக்கும் ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போட்டு வைப்பது. பத்தமடையில் ஒருவர் கிண்ணத்தையே முந்தானையில் முடிந்துகொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தார். மருத்துவர் கொட்டைகளை எண்ணிவிட்டு உடனே சேர்த்துக்கொண்டார்.

வள்ளியூர்க்காரன் | திங்கள், பகல் 1.20

ஆண்கள் எழுதலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இதில் பொய் சொன்னவன் நான்.

என் மனைவிக்கு இரண்டாவது பேறின்போது 7ஆம் வாரத்திலிருந்து கடும் வாந்தி. நான் அப்போது திருப்பூரில் வேலை பார்த்தேன். வந்து பார்த்தபோது ஆளே பாதியாகி இருந்தாள். மருத்துவமனையில் சேர்த்தோம். பணியில் இருந்த இளம் மருத்துவர், “எத்தனை நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை?” என்று கேட்டார். நான், “ரெண்டு மூணு நாளா” என்றேன். இத்தனை நாள் வீட்டில் போட்டு வைத்திருந்தாயா என்று கேட்டுவிடுவாரோ என்ற வெட்கம். படுக்கையில் கிடந்தவள் ஈனக் குரலில், “பதினேழு நாள்” என்றாள். அவர் உடனே செவிலியரை நிறுத்தி, குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின், அதாவது வைட்டமின் பி1, போடச் சொன்னார்.

பிறகு அவரே எனக்கு விளக்கினார். வாரக்கணக்கில் பட்டினி கிடந்த உடலில் தயமின் இருப்பு தீர்ந்திருக்கும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சத்தையும் உடல் செலவழித்துவிட்டு, மூளையைத் தாக்கும் வெர்னிக்கி என்ற கோளாறு வரக்கூடும். பார்வை தடுமாறும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும்; சில நேரம் திரும்பாத சேதமாகிவிடும். முதலில் உப்பு நீர், தேவைக்கேற்பப் பொட்டாசியம், தயமின், அப்புறம்தான் சர்க்கரை என்பது முறை. ‘இரண்டு மூன்று நாள்’ என்ற என் விடையை நம்பியிருந்தால் அவர் தயமினை நினைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது.

நம் ஊர்களில் “ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திட்டு வந்துருவோம்” என்று தெருமுனைக் கிளினிக்குக்குப் போவது வழக்கமாக இருப்பதால் இதை எழுதினேன். அங்கே போனாலும் சாப்பிடாமல் இருந்த நாட்களைச் சரியாகச் சொல்லுங்கள். கூடப் போகும் ஆண்கள் தயவுசெய்து மனைவியைப் பேச விடுங்கள்.

பேட்டை மருந்தாளுநர் | திங்கள், மாலை 4.45

என் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் சீட்டு இல்லாமல் ‘மாசமா இருக்கவங்களுக்கு வாந்தி மாத்திரை’ கேட்கிறார்கள். மீதிப் பேர் சீட்டு இருந்தும் வாங்க மறுக்கிறார்கள். இரண்டாவது வகையினரைப் பற்றி எழுதுகிறேன்.

அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1957இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடமைடு என்ற மருந்து விற்பனைக்கு வந்தது. கருவுற்றவர்களின் குமட்டலுக்கும் அதைக் கொடுத்தார்கள். 1961இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அந்த மருந்தால் உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாடுகளோடு பிறந்தன. அந்த நடுக்கம் மற்ற மருந்துகள் மீதும் விழுந்தது. டாக்சிலமைனும் பைரிடாக்சினும் சேர்ந்த மாத்திரை, குறைபாடு உண்டாக்கும் என்ற வழக்குகளின் நெருக்கடியால் 1983இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. குற்றச்சாட்டை ஆய்வுகள் மெய்ப்பிக்கவில்லை. 30 ஆண்டுக்குப் பிறகு, 2013இல், அதே சேர்க்கைக்கு அந்நாட்டு அரசு மீண்டும் ஒப்புதல் வழங்கியது. பைரிடாக்சின் என்பது வைட்டமின் பி6. இன்றும் மசக்கை வாந்திக்கு முதலில் எழுதப்படுவது இந்தச் சேர்க்கைதான்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியது, “இது பிள்ளைக்கு ஆகுமா?” என்பதோடு முடியக் கூடாது. எப்போது போட வேண்டும், தினமும் போடவா, வாந்தி வந்தால் மட்டும் போடவா என்று கேளுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையை இரவில் போட்டால்தான் காலையில் பலன் தெரியும். விட்டு விட்டுப் போட்டால் பலன் குறையும். தூக்கம் வரும், ஆகவே போட்டுவிட்டு வண்டி ஓட்டக் கூடாது. இதைச் சொல்லாமல் கொடுத்த மாத்திரையைக் காலையில் வாந்தியெடுத்தபின் போட்டுவிட்டு, ‘கேட்கவில்லை’ என்று தூக்கி எறிந்தவர்கள் பலர்.

சீட்டில்லாமல் பலர் கேட்கும் மற்றொன்று ஒண்டான்செட்ரான். பயனுள்ள மருந்துதான். ஆனால் முதல் மூன்று மாதத்தில் எடுத்தால் 10,000 பேறுகளுக்கு மூன்று என்ற அளவில் உதடு, அண்ணப் பிளவு கூடக்கூடும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2019இல் எச்சரித்தது. மிகச் சிறிய எண், இருந்தாலும் அதை எடைபோட வேண்டியவர் மருத்துவர். என் கடைக் கல்லாவில் வைத்து முடிவு செய்யும் காரியம் அன்று.

கல்லிடை மருமகள் | திங்கள், இரவு 8.10

செவிலியர் அம்மா சொன்னபடி நேற்று இரவு எட்டு மணியிலிருந்து எண்ணினேன். குமட்டல் ஆறு மணி நேரத்துக்கு மேல், 5. வாந்தி ஐந்து முறை, 4. ஓங்கரிப்பு நான்கு முறை, 3. மொத்தம் 12. முன்பு 54 கிலோ. இன்று என் வீட்டுக்காரர் வாங்கி வந்த எந்திரத்தில் 51.5. ஐந்து சதவீதம் என்றால் 2.7 கிலோ, நான் 2.5 இழந்திருக்கிறேன். இதைத்தான் ‘கொஞ்சம்’ என்று சொல்லியிருக்கிறேன். எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே அழுகை வந்துவிட்டது.

நாளை மறுநாள் போகிறோம். ஆனால் அத்தையை என்ன செய்வது? வராதீர்கள் என்று சொல்ல முடியாது, நல்லவர்கள்.

சித்தம் பயில்பவள் | திங்கள், இரவு 9.05

உங்கள் அத்தையிடம் தாளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேலை ஒன்று கையில் இருந்தால் வாய் சற்று ஓயும். (என் அம்மாவிடம் சோதித்துப் பார்த்தது.)

நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படிக்கிறேன். இன்னும் எவரும் எழுதாத ஒன்றைச் சொல்ல வேண்டும். மசக்கைக்கு வீட்டில் கைமருந்து கொடுக்காத குடும்பம் இந்தப் பக்கத்தில் இல்லை. அதை மருத்துவரிடம் சொல்லும் குடும்பமும் அனேகமாக இல்லை. மாதுளை மணப்பாகு, சுக்குக் கருப்பட்டிக் காப்பி, இஞ்சிச் சாறு எதுவாக இருந்தாலும், எவ்வளவு, எத்தனை வேளை என்று தாளில் எழுதுங்கள். மணப்பாகு நல்ல மருந்துதான், நாங்களும் கொடுக்கிறோம்; ஆனால் அது சர்க்கரைப் பாகில் செய்தது, கருப்பட்டியும் சர்க்கரைதான், சர்க்கரை அளவு கூடியவர்களுக்கு அது கணக்கில் வர வேண்டும். இஞ்சி குமட்டலைக் குறைக்கிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன, வாந்தியின் எண்ணிக்கையை அது அவ்வளவாகக் குறைப்பதில்லை. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் கேட்காமல் எடுக்கக் கூடாது. எங்களிடம் வருபவர்கள் ஆங்கில மருந்தை மறைக்கிறார்கள், அங்கே போகிறவர்கள் நாட்டு மருந்தை மறைக்கிறார்கள். இரண்டும் போய்ச் சேரும் வயிறு ஒன்று.

முக்கூடல் மகள் | செவ்வாய், காலை 11.30

என் அம்மாவும் நானும் பீடி சுற்றுகிறவர்கள். நான் மாசமாக இருந்தபோது மருத்துவர், “என்ன வேலை பார்க்கிறாய்?” என்று கேட்டார். “சும்மாதான் இருக்கேன்” என்றேன். பொய் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்வதை எங்கள் வாய் வேலை என்று சொல்வதில்லை. காலை ஆறு முதல் இரவு வரை மடியில் சுளகும் மூக்கில் புகையிலைத் தூளும். அன்றைக்கு ஆயிரம் பீடி முடித்தாக வேண்டும்.

நான்காவது மாதத்திலும் வாந்தி நிற்காமல் போனபோது, ஊருக்கு வரும் செவிலியர் என் விரல் நுனிகளைப் பார்த்துவிட்டு, “இதை டாக்டரிடம் சொன்னாயா?” என்று கேட்டார். புகையிலையில் இருக்கும் நிக்கோட்டின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். குமட்டலை உண்டாக்குவது அதன் குணம். வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் ஆகாது. சொன்னபின் மருத்துவர் அந்த வேலையை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினால் கூலிக்கு யார் பொறுப்பு என்று அவர் சொல்லவில்லை. தங்கை என் பங்கையும் சேர்த்துச் சுற்றினாள், நான் தூள் இல்லாமல் இலை வெட்டும் வேலையை மட்டும் தள்ளி உட்கார்ந்து செய்தேன். வாந்தி முழுவதும் நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், பகலில் குறைந்தது.

ஆகவே, மருத்துவர் வேலையைக் கேட்டால் கூலி, சம்பளம் என்று யோசிக்காமல், நாள் முழுவதும் எங்கே உட்கார்ந்திருக்கிறோம், எந்த வாடையில் இருக்கிறோம் என்று சொல்லுங்கள். சமையல் வேலைக்குப் போகிறவர்கள், நெல் அவிக்கும் இடத்தில் இருப்பவர்கள், யாராக இருந்தாலும்.

கசப்பு நெல்லி | செவ்வாய், பகல் 12.10

இதைப் படித்தபின் என் வாதத்தின் இன்னொரு பாதியையும் விட்டுக்கொடுக்கலாமா என்று தோன்றுகிறது. ஆனால் விடவில்லை. அந்த மருத்துவர் விரலைப் பார்த்திருக்க வேண்டும்.

கல்லிடை மருமகள் | அடுத்த திங்கள், மாலை 5.30

எல்லோருக்கும் நடந்ததைச் சொல்கிறேன். புதன்கிழமை அதே மருத்துவரிடம் சென்றோம். உட்கார்ந்ததும் தாளைக் கொடுத்தேன். அவர் முழுவதும் படித்தார். படித்துவிட்டு, “இதைப் போன வாரமே சொல்லியிருக்கலாமே” என்றார். எனக்குச் சுருக்கென்றது, நீங்களும் கேட்டிருக்கலாம் என்று சொல்ல நா வரை வந்தது, சொல்லவில்லை. அத்தை பேசவில்லை. கடைசியில் மட்டும், “இவ ராத்திரி தூங்கறதே இல்லை டாக்டர்” என்றார்கள்; நான் எழுத மறந்தது அது.

எடை 51.2 இருந்தது. சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. தைராய்டுக்கும் உப்புகளுக்கும் இரத்தம் எடுத்தார்கள். முந்தைய ஸ்கேனில் ஒரே பிள்ளைதான் என்பதை மறுபடி சரிபார்த்துக்கொண்டார். இரட்டையாக இருந்தால் வாந்தி கூடுமாம். சிறுநீரில் கீட்டோன் (சாப்பாடு இறங்காதபோது உடல் கொழுப்பை எரிப்பதால் வருவது) கொஞ்சம் இருந்தது. அதைக் கண்டு நான் பயந்தபோது, கீட்டோனை மட்டும் வைத்துக் கடுமையை அளக்கக் கூடாது என்று பிரிட்டன் மகப்பேறு மருத்துவர்களின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதலே சொல்கிறது என்று விளக்கினார். நான்கு நிமிட மருத்துவர் அன்று பதினைந்து நிமிடம் பேசினார். மருந்தாளுநர் ஐயா எழுதிய அதே சேர்க்கை மாத்திரையைத்தான் இரவுக்குக் கொடுத்தார். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை ஒரு லிட்டரில் கரைத்து வாய் வாயாகக் குடிக்கச் சொன்னார்; இரண்டு நாளில் தங்காவிட்டால் வந்து சேர்ந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். தங்குகிறது. நேற்றுக் கணக்கு 8. ஆறிய இட்லியும் நார்த்தங்காயும் இறங்குகின்றன.

இப்போது புதிய கவலை. வரும் வியாழக்கிழமை சர்க்கரைத் தண்ணீர் குடிக்கும் சோதனை. அதை வாந்தியெடுத்துவிட்டால் என்ன சொல்வது? பக்கத்து வீட்டு மதினி வாந்தியெடுத்ததை மறைத்துவிட்டு இரத்தம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்களாம்.

ஓய்வுபெற்ற கிராமச் செவிலி | அடுத்த திங்கள், மாலை 6.20

மறைக்கவே கூடாது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் பேறுகாலச் சர்க்கரை என்று கணக்கு. குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தியெடுத்தால் அன்றைய சோதனை செல்லாது, இன்னொரு நாள் மறுபடி செய்ய வேண்டும். அரை மணி நேரம் கழிந்து எடுத்தால் சோதனையைத் தொடரலாம். உங்கள் மதினி உடனே எடுத்திருந்தால், வந்த எண் உண்மையைவிடக் குறைவாக இருந்திருக்கும். அடுத்த பரிசோதனையில் அவர்கள் சொல்லட்டும், திரும்பச் செய்துவிடுவார்கள்.

ஒரே மடக்கில் குடிக்காமல் ஐந்து பத்து நிமிடத்தில் மெதுவாகக் குடியுங்கள்; எலுமிச்சைச் சாறு பிழிந்து கொடுக்க முடியுமா என்று கேளுங்கள், பல இடங்களில் கொடுப்பார்கள். குடித்து முடித்த நேரத்தைச் செவிலியர் எழுதுவார். நீங்களும் உங்கள் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், வாந்தி வந்தால் அந்த நேரத்தையும்.

கல்லிடை மருமகள் | அடுத்த திங்கள், மாலை 6.31

சரி அம்மா. அத்தையிடம் கைக்கடிகாரத்தைக் கொடுத்துவிடுகிறேன்.